ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்

சாத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் மாடியில், எக்ஸ்ரே அறையை ஒட்டிய அறையில் பதினேழு வருஷமாக வேலை பார்க்கிறேன். வாசலில் பிசியோதெரபி என்று போர்டு இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. "கரண்ட் வைக்கிற சிஸ்டர் ரூம் எது?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்கள். நான் சிஸ்டர் இல்லை, வைப்பதெல்லாம் கரண்டும் இல்லை என்று முதல் இரண்டு வருஷம் விளக்கிக்கொண்டிருந்தேன். பிறகு தொண்டை வலித்ததுதான் மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு முன்கோபம் உண்டு. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைச் செய்யாமல் வந்து, "செஞ்சேன் சிஸ்டர்" என்று கூசாமல் சொல்பவர்களிடம் குரல் உயர்ந்துவிடும். ஆனால் நரம்பு என்று பேச்சு வந்தால் கோபம் போன இடம் தெரியாது. இத்தனைக்கும் காலேஜில் நரம்பு மண்டலம் பேப்பரில் இரண்டு தடவை பெயிலானவள் நான். அப்போது அது வெறும் படமும் பெயர்களும்தான். மூளை, தண்டுவடம், அதிலிருந்து பிரியும் நரம்புகள் என்று கலர் பென்சிலால் கோடு போட்டுப் பழகினேன், மறுநாள் மறந்தேன். அந்தக் கோடுகள் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு பட்டாசுத் தொழிலாளியின் மூன்று விரல்கள்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து ஊர்க்காரி. முப்பத்தைந்து வயதிருக்கும். பதினாறு வருஷமாக ஒரே கம்பெனியில், வெடிகளுக்குத் திரி வைக்கிற வேலை. பொங்கல் கழிந்த வாரம், வீட்டு வாசலில் தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்திருக்கிறாள். கையை ஊன்றிய இடத்தில் ஒரு உடைந்த பாட்டில் கிடந்தது. வலது மணிக்கட்டின் நடுவில் ஓடும் நரம்பு துண்டாகிவிட்டது. மதுரையில் அதைத் தைத்து, கட்டுப் பிரித்த பிறகு என்னிடம் அனுப்பினார்கள்.

"பதினாறு வருசம் வெடிக்குள்ள உக்காந்திருக்கேன், ஒரு கீறல் கெடையாதுக்கா. யாரோ குடிச்சுப் போட்ட பாட்டிலு என்னை இங்கன கொண்டாந்து விட்டுருச்சு" என்றாள். முதல் நாளே என்னை சிஸ்டர் என்று கூப்பிடாமல் அக்கா என்றதால் எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் மரத்துக் கிடந்தன. மோதிர விரலில் பாதி. சுண்டு விரலுக்கு வேறு நரம்பு என்பதால் அதற்கு ஒன்றும் இல்லை. அவள் வேலையே அந்த மூன்று விரல்களில்தான். திரியைக் கிள்ளி, ஓட்டையில் வைத்து, லேசாக அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்று யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது, விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாத விரலோடு ஒருத்தி வெடிமருந்துக்கு நடுவில் உட்காரக் கூடாது என்று கம்பெனி போர்மேன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கை சரியாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதி வாங்கி வந்தால்தான் உள்ளே விடுவாராம்.

"எம்புட்டு நாளாகும்க்கா? என் எடத்துல வேற ஆள உக்கார வச்சிருவாக. நாங்க நாலு பேரு ஒரே ரூம்புல பத்து வருசமா இருக்கோம்" என்றாள்.

நான் ஸ்கேலை எடுத்து அவள் மணிக்கட்டுத் தழும்பிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்தேன். பதினெட்டு சென்டிமீட்டர். தைத்த நரம்பு முதலில் ஒரு மாதம் போல ஒன்றும் செய்யாது. பிறகு ஒரு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். கணக்குப் பார்த்து, ஏழெட்டு மாதம் ஆகும், கூடவும் ஆகலாம் என்றேன். அவள் ஸ்கேலை வாங்கி ஒரு மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு என்று பார்த்தாள். "இதுக்கு எங்கூரு டவுன் பஸ்ஸே தேவலையே" என்றாள்.

எனக்கோ அந்த ஒரு மில்லிமீட்டரை நினைத்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. நடுவிரல் நுனியில் தொட்டால் அதை உணர்கிற செல் விரலில் இல்லை. அது கழுத்துப் பக்கம், முதுகெலும்பை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ஒரே ஒரு இழை, தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது, தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் தாண்டி விரல் நுனி வரை வருகிறது. நடுவில் ஒட்டுப்போட்ட இடம் கிடையாது. அறுந்தால், அறுந்த இடத்துக்குக் கீழே இருப்பது வாடிப்போகும். மேலே இருப்பது சாகாது. கழுத்தில் இருக்கிற அந்தச் செல் வேண்டிய பொருளையெல்லாம் தயாரித்து, கை நீளத்துக்கும் கீழே அனுப்பி, முனையிலிருந்து திரும்ப வளரத் தொடங்கும். வாடிய இழை விட்டுப்போன குழாய்க்குள் நுழைந்து, பழைய வழியைத் தடவித் தடவி விரலுக்குப் போகும். இதை யாரும் அதற்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கரண்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் அது வளரும் என்பதை மட்டும் நோயாளிகளிடம் சத்தமாகச் சொல்வதில்லை.

எங்கே வந்திருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. உள்ளங்கையில் விரலால் தட்டிக்கொண்டே போனால், வளரும் முனை இருக்கிற இடத்தில் தட்டும்போது சுள்ளென்று விரலுக்குள் ஓடும். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை தட்டிப் பார்த்து, அந்த இடத்தில் நீலப் பேனாவால் புள்ளி வைப்பேன். அவள் படி ஏறி வரும்போதே, "பஸ்ஸு இன்னைக்கு எங்கன நிக்குனு பாருங்கக்கா" என்பாள். மே மாதம் உள்ளங்கையின் நடுவைத் தாண்டியது. கட்டைவிரலை அசைக்கும் தசைகள் மணிக்கட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அவற்றுக்கு நரம்பு சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டைவிரல் மடங்கிச் சுண்டு விரலைத் தொட்ட அன்று, எங்கள் மாடியில் இருந்த எல்லோரிடமும் போய்த் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். இரண்டு பேரும் அப்போதே கை சரியாகிவிட்டது போல நடந்துகொண்டோம்.

தப்பு அங்கேதான் தொடங்கியது. அது என் தப்பு.

விரலுக்கு உணர்வு வந்துவிட்டதா என்று சோதிக்க ஒரு துணிப்பை வைத்திருக்கிறேன். கண்ணை மூடச் சொல்லி, சாவி, பித்தான், ரப்பர் பேண்ட், பென்சில் என்று ஒவ்வொன்றாக விரல்களுக்கு நடுவில் வைத்து என்ன என்று கேட்பேன். ஜூன் கடைசியில் அவளுக்கு அப்படிச் செய்தபோது திணறினாள். எனக்கு உடனே ஒரு புத்திசாலித்தனம் உதித்தது. பழக்கமில்லாத பொருளாக இருப்பதால்தான் தெரியவில்லை, அவள் தினமும் பிடித்த பொருளாக இருந்தால் விரல் பேசும் என்று நினைத்தேன். அடுத்த தடவைக்குள் அவள் தொழில் சாமான்களைச் சேகரித்தேன். மருந்து அடைக்காத வெறும் காகிதக் குழாய், சணல் நூல், தீக்குச்சி, கம்பி மத்தாப்புக் கம்பி, அச்சடித்த லேபிள், பசை தடவிக் காய்ந்த பழுப்புக் காகிதம். இந்த ஊரில் இதெல்லாம் கேட்ட வீட்டில் கிடைக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொன்னாள். குழாய். லேபிளு. தீக்குச்சி. கம்பி. நூலு. ஒன்றுகூடத் தப்பவில்லை. தீக்குச்சியை எந்த முனையில் பிடித்திருக்கிறாள் என்பதையும் சொன்னாள். நான் அசந்துபோனேன். ஐந்து மாதத்தில் இவ்வளவா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என் கைராசி என்று எடுத்துக்கொண்டேன். உணர்வு நன்றாகத் திரும்பியிருக்கிறது என்று பேப்பரில் எழுதினேன், கீழே டாக்டர் என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். திங்கள்கிழமை கம்பெனி வேனில் ஏறிவிடுவதாகச் சொன்னாள்.

அந்தச் சந்தோஷத்தில் காபி வரவழைத்தேன். எங்கள் கேன்டீன் காபி ருசிக்குப் பேர்போனதல்ல, சூட்டுக்குத்தான். எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை ஊற்றித் தருவார்கள். எல்லோரும் விளிம்பைப் பிடித்து, விரலை மாற்றி மாற்றி, முந்தானையைச் சுற்றித்தான் குடிப்போம். நான் என்னுடையதை மேஜையில் வைத்து ஆறவிட்டேன். அவள் எடுத்துக் கையில் பிடித்தபடி, தன் ரூமில் இருக்கிற மற்ற மூன்று பெண்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். டம்ளரின் நடுவில் பிடித்திருந்தாள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மூன்றும் டம்ளரோடு ஒட்டி நின்றன. சுண்டு விரல் மட்டும் டம்ளரைத் தொடாமல் தள்ளி நீட்டிக்கொண்டிருந்தது.

முதலில் அது ஏதோ நாகரிகம் என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. சூடு தெரிந்த விரல் விலகிப் போயிருக்கிறது. தெரியாத மூன்றும் வெந்துகொண்டிருந்தன.

டம்ளரைப் பிடுங்கி வைத்தேன். விரல்கள் சிவந்திருந்தன. தண்ணீர்க் குழாயில் பிடித்துக்கொண்டே, "சுடலையா தாயி?" என்று கேட்டேன். அவள் என்னை விடப் பயந்திருந்தாள்.

"அப்ப எப்படி எல்லாத்தையும் சரியாச் சொன்ன?" என்று கத்திவிட்டேன்.

"தெரிஞ்சுச்சேக்கா. நெசமாத்தான் தெரிஞ்சுச்சு."

நான் அவள் கண்ணை மூடி, தீக்குச்சியை விரலில் வைக்காமல் முகத்துக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். "தீக்குச்சி" என்றாள். லேபிளை லேசாக அசைத்தேன். "லேபிளு." பதினாறு வருஷம் அந்த வாசத்துக்குள்ளும் காகிதச் சத்தத்துக்குள்ளும் இருந்தவளுக்கு விரலே வேண்டியிருக்கவில்லை. அச்சு மையும், பசையும், சணலும், குச்சி மருந்தும் மூக்கிலிருந்து மூளைக்கு நேராகப் போயிருக்கின்றன, சலசலப்பு காது வழியாகப் போயிருக்கிறது. மூளை எல்லாவற்றையும் கூட்டி, இது விரல் சொன்னது என்று அவளிடமே சொல்லியிருக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது, கூடவே அந்த மூளையை நினைத்து ஒரு பிரமிப்பும் வந்தது. ஒரு வழி அடைபட்டதும் கேட்காமலே வேறு இரண்டு வழியில் செய்தியை வரவைத்துவிட்டதே. ஆனால் திங்கள்கிழமை அந்த ரூமில், எல்லாப் பொருளும் ஒரே வாசம் அடிக்கிற இடத்தில், அந்த மூளையால் என்ன செய்ய முடியும்? திரி சூடாவதையோ உரசுவதையோ மூக்கு சொல்லுமா?

ஒரு பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து அவள் கையை அரை மணி நேரம் ஊறப்போட்டேன். துணி துவைத்தால் விரல் சுருங்குமே, அது தோல் ஊறுவதால் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அது நரம்பின் வேலை. நாம் கேட்காமலே வியர்க்க வைப்பதும், இதயத்தைத் துடிக்க வைப்பதும், குடலை நகர்த்துவதும் செய்கிற தனிப் பிரிவு ஒன்று நரம்பு மண்டலத்தில் இருக்கிறது. அதுதான் விரலுக்குள் இருக்கிற சின்ன ரத்தக் குழாய்களை இறுக்கித் தோலைச் சுருக்குகிறது. நரம்பு போகாத விரல் எவ்வளவு ஊறினாலும் சுருங்காது. இந்தச் சோதனையை மூக்கால் ஏமாற்ற முடியாது.

கையை வெளியே எடுத்துத் துடைத்தாள். சுண்டு விரல் கிழவி முகம் மாதிரி சுருங்கியிருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டியும் நடுவிரலும் வழவழவென்று இருந்தன. மோதிர விரல்தான் என்னைத் திகைக்க வைத்தது. சுண்டு விரல் பக்கம் பாதி சுருக்கம், மறுபாதி வழவழப்பு. நடுவில் வயல் வரப்பு மாதிரி ஒரு கோடு. புத்தகத்தில் நான் கலர் பென்சிலால் போட்டு மறந்த அதே கோடு, உயிரோடு ஒரு விரலின் நடுவில் இருந்தது.

பேப்பரைத் திருப்பித் தரச் சொல்ல வேண்டும். கொடுத்த கையால் எப்படிக் கேட்பது என்று பேசினைக் கழுவுகிற சாக்கில் நின்றேன். அவள் தன் விரல்களையே வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் மட்டும்னா போயிருவேன்க்கா" என்றாள். "அங்கன நாலு பேரு இருக்கோம்."

பர்ஸைத் திறந்து பேப்பரை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டுப் போனாள். அவளுக்கு இருந்த தைரியத்தில் பாதிகூட எனக்கு அன்று இல்லை. நான் டாக்டரிடம் போய் என் தப்பைச் சொல்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் வரவில்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு வெள்ளித் தகட்டில் கை வாங்கிப் போட்டதாக, அவள் ஊரிலிருந்து முதுகுவலிக்கு வந்த ஒரு பெரியவர் சொன்னார். நான் சர்ச்சுக்குப் போகிறவள். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் அவளுடைய மூன்று விரல்களை எண்ணிச் சொன்னேன். ஆடிக் கடைசியில் திரும்பி வந்தாள். விரலில் பொரிந்த இடம் ஆறியிருந்தது. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுத்ததும், "பஸ்ஸு எங்கன நிக்குனு பாருங்க" என்று உள்ளங்கையை நீட்டிவிட்டாள். புள்ளி விரல்களின் முதல் கணுவைத் தாண்டியிருந்தது.

இந்தத் தடவை வாசமில்லாத பொருள்களாகப் பார்த்து எடுத்தேன். கழுவிய கூழாங்கல், கண்ணாடிக் கோலி, பிளாஸ்டிக் பித்தான். அரிசிக்குள் புதைத்து எடுக்கச் சொன்னேன். வளர்ந்து வந்த இழைகள் எல்லாம் பழைய இடத்துக்கே சரியாகப் போய்ச் சேராது. ஆள்காட்டியைத் தொட்டால் நடுவிரலில் தொட்ட மாதிரி இருக்கும். மூளை பழைய வரைபடத்தை அழித்து மறுபடி எழுத வேண்டும். அதற்குப் பார்த்துக்கொண்டே தொட வேண்டும், பிறகு பார்க்காமல் தொட வேண்டும், நூறு தடவை, இருநூறு தடவை. அவள் செய்தாள். செய்யாமல் செய்ததாகச் சொல்வாளோ என்று எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. அந்த வருஷத் தீபாவளிச் சீசன் அவள் இல்லாமலே முடிந்தது. வெடிச் சத்தம் கேட்டபோதெல்லாம், இதில் எது தன் ரூமில் செய்தது என்று யோசித்தாளாம்.

தீபாவளிக்கு அடுத்த வாரம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலை, பதினோரு மணி இருக்கும். வரச் சொன்ன நாள் அல்ல. படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அவள் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். வலது கையில் ஒரு ஈரத் துண்டு சுற்றியிருந்தது. மறுபடி எங்கேயோ வெட்டிக்கொண்டாள் என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"கையைக் காட்டு" என்றேன்.

"சீக்கிரம் பாருங்கக்கா, காஞ்சுருச்சுன்னா போயிரும்" என்று துண்டை அவிழ்த்தாள். வழியெல்லாம் பாட்டில் தண்ணீரை அதன் மேல் ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் நனைந்து, சண்டைக்கு வந்தாராம்.

ஐந்து விரல்களும் சுருங்கியிருந்தன. மோதிர விரலில் வரப்பைக் காணோம். துணி துவைத்துவிட்டுக் கையைப் பார்த்தாளாம், பாதித் துணியை அலசாமல் போட்டுவிட்டுப் பஸ் ஏறிவிட்டாளாம். நான் அந்தக் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஆனாலும் ஒரு தடவை சூடுபட்டவள் நான். சுருக்கம் வந்தால் போதாது, தொட்டால் தெரிய வேண்டும் என்றேன். கோலியும் கல்லும் பித்தானும் எடுத்தேன். மூக்கை மூடிக்கொள்ளச் சொன்னேன். அவள் இடது கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, அடைத்த குரலில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். நிதானமாகத்தான் சொன்னாள், இரண்டு தப்பினாள். அந்த இரண்டு தப்பும் எனக்கு நிம்மதியாக இருந்தது, விரலால்தான் தேடுகிறாள் என்று தெரிந்தது.

அதற்குள் கேன்டீனிலிருந்து இரண்டு டம்ளர் காபி வந்து மேஜையில் இருந்தது. நான் பேப்பர் தேடிக்கொண்டிருந்தேன். "பொறு தாயி, ஆறட்டும்" என்று சொல்லித் திரும்புவதற்குள் அவள் பழக்கதோஷத்தில் டம்ளரின் நடுவில் பிடித்து எடுத்துவிட்டாள்.

கை விலகியது. டம்ளர் விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவள் முகம் மாறியது. கம்பெனியில் தீப்பொறி கண்டால் போர்மேன் முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், ஓடுங்கள் என்று முதலில் கத்திவிட்டுப் பிறகுதான் சேதி சொல்வார். தண்டுவடமும் அப்படித்தான். விரலிலிருந்து வந்த சூட்டைக் கழுத்தளவிலேயே வாங்கி, கையை இழு என்று அங்கேயே உத்தரவு போட்டுவிடும். மூளைக்குச் சேதி பிறகு போகும். நூறு தடவை படித்த அந்தப் பாடம் என் மேஜை மேல், என் ரெஜிஸ்டர் மேல், காபியாக வழிந்து ஓடியது.

அவள் மூன்று விரல்களையும் வாயருகே வைத்து ஊதினாள். பிறகு ஊதுவதை நிறுத்திவிட்டு அவற்றைப் பார்த்தாள்.

"சுடுதுக்கா" என்றாள்.

எனக்குக் கண்ணீர் மறைத்தது. துடைக்கத் துணி தேடுகிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பேப்பரில் டாக்டருக்கு எழுத வேண்டிய பெரிய வார்த்தைகளுக்கு முன்னால், முதல் வரியாக, சூடு தெரிகிறது என்று தமிழில் எழுதினேன். ஓரத்தில் காபிக் கறை பட்டது. வேறு பேப்பர் எடுக்கத் தோன்றவில்லை.

மேஜையில் என்னுடைய டம்ளரில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கத் தொட்டுக்கிறேன்க்கா" என்று சொல்லி, வலது கையை நீட்டினாள்.